டவருக்குக் கோழித்தூக்கம்

எழிலரசி இருக்கும் வீட்டில் ஆள் இல்லாத அறையில் விளக்கு எரியாது, மின்விசிறி சுற்றாது. ஆள் இருக்கும் அறையிலும் சில சமயம் எரியாது, அதுதான் தொல்லை. அவள் கணவன் திருமுருகன் ஒருநாள் முகம் முழுக்க சோப்பைப் பூசிக்கொண்டு கண்ணை மூடி நின்ற நேரத்தில், போகிற போக்கில் குளியலறை விளக்கை அணைத்துவிட்டுப் போனாள். உள்ளேயிருந்து அவன் போட்ட கூச்சல் திருவேற்காட்டில் அவர்கள் குடியிருக்கும் அடுக்குமாடி முழுக்கக் கேட்டது.

"சத்தமே வரலை. ஆள் இல்லைன்னு நினைச்சேன்" என்றாள்.

"சோப்பு போடறப்ப பாட்டா பாடுவாங்க?" என்றான் அவன், கண்ணைக் கசக்கிக்கொண்டே.

அவன் கேட்டது நல்ல கேள்வி. ஆனால் அதற்குள் இருந்த விஷயம் அவளுக்கு உறைக்கப் பல மாதம் ஆனது. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

எழிலரசி தருமபுரிப் பக்கத்துப் பெண். பொறியியல் படிக்க வேலப்பன்சாவடிக்கு வந்தவள், படிப்பு முடிந்தும் இந்தப் பக்கத்தைவிட்டு நகரவில்லை. கூடப் படித்தவர்கள் ஆளுக்கொரு மென்பொருள் நிறுவனத்தில் போய் உட்கார்ந்தபோது இவள் மட்டும் செல்போன் நிறுவனம் ஒன்றில் சேர்ந்தாள். ஏன் என்று கேட்டால் லிஃப்ட் கதையை எடுத்துவிடுவாள். விடுதி லிஃப்டுக்குள் நுழைந்தால் போன் பேச்சு அறுந்துபோகும். மற்ற பெண்கள் எரிச்சல்பட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். இவளோ எந்த மாடியில் அறுகிறது, எந்த மாடியில் திரும்ப ஒட்டுகிறது, கதவு திறந்திருந்தால் என்ன ஆகிறது என்று தெரிந்துகொள்ள ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க லிஃப்டிலேயே மேலும் கீழும் போய்வந்தாள். "இன்னாம்மா, மன்சு சரியில்லியா?" என்று காவலாளி பரிவோடு விசாரித்த பிறகுதான் இறங்கினாள். ஒரு விஷயம் ஏன் அப்படி நடக்கிறது என்று தெரியாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. அணைக்கும் புத்தியும் குடையும் புத்தியும் சேர்ந்த ஒருத்திக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் இப்படி ஒரு வேலை காத்திருந்தது என்றால், அதை அதிர்ஷ்டம் என்றுதான் சொல்லவேண்டும்.

அவளுடைய வேலை டவர்களைப் பார்த்துக்கொள்வது. மேலே ஏறுவது இல்லை. அலுவலகத்தில் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, எந்த டவரில் பேச்சு அறுகிறது, எது சும்மா மின்சாரத்தைக் குடிக்கிறது என்று கண்காணிப்பது. சந்தேகம் வந்தால் வண்டியில் நான்கைந்து போன்களை ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாகப் போய்ச் சோதித்துப் பார்ப்பது.

வெளியிலிருந்து பார்த்தால் டவர் வெறும் இரும்புக் கம்பம். உள்ளே சங்கதி வேறு. ஆவடி ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்க வரிசையாக ஜன்னல்கள் இருப்பதுபோல டவரிலும் பல அலைவரிசைகள் உண்டு. கூட்டம் வந்தால் எல்லா ஜன்னலும் வேலை செய்யும். கூட்டமே இல்லாதபோதும் எல்லா ஜன்னலும் திறந்து கிடக்கும், விளக்கு எரியும், ஏசி ஓடும். ஒருவர்கூடப் பேசாத வேளையிலும் டவர் தன் பாட்டுக்குக் கரண்ட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். இதைத் தெரிந்துகொண்ட நாளில் எழிலரசிக்கு வயிறு எரிந்தது. ஒன்றிரண்டு அறை என்றால் எழுந்துபோய் அணைத்துவிடலாம். இது ஊர் முழுக்க ஆள் இல்லாத அறைகள்.

ராத்திரியில் ஒரு ஜன்னலை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தூங்கவைக்கும் ஏற்பாடு அவள் நிறுவனத்தில் ஏற்கெனவே இருந்தது. பகலில் ஏன் கூடாது என்று கேட்டவள் எழிலரசி. போன்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று காட்டும் வரைபடம் ஒன்று அவளிடம் உண்டு. போன் நிறைந்த இடம் சிவப்பாகவும், இல்லாத இடம் வெள்ளையாகவும் தெரியும். அதில் ஆவடிப் பக்கம் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றை ஒட்டிய டவரைக் காட்டினாள். அந்தப் பக்கம் அவள் நேரில் போனதே இல்லை; வரைபடத்தில் தொழிற்சாலை இருக்கும் இடம் காலையிலிருந்து சாயங்காலம்வரை பளிச்சென்று வெள்ளை.

"பாருங்க மேடம், பகல் பூரா யாருமே இல்லாத ரூம்ல ஃபேன் சுத்துது" என்றாள் மேலதிகாரி சௌம்யாவிடம்.

சௌம்யா ஒப்புக்கொண்டாள். திருவேற்காடு, வேலப்பன்சாவடி, ஆவடி மூன்று பக்கமும் சோதனை தொடங்கியது. கூட்டம் குறைந்ததும் ஜன்னல்கள் தாமாகத் தூங்கும், கூட்டம் ஏறினால் தாமாக எழும். எழும்பக் கொஞ்சம் நேரம் பிடிக்கும், ஊழியர் வந்து நாற்காலியைத் துடைத்து உட்காருவதுபோல. கூட்டம் சிறுகச் சிறுகத்தானே சேரும், அதற்குள் எழுந்துவிடும் என்பது கணக்கு. கணக்கு பலித்தது. மின்சாரச் செலவு கண்ணுக்குத் தெரிய இறங்கியது. அடுத்து பூந்தமல்லி, மாங்காடு என்று சௌம்யா மேலிடத்தில் சொல்லிவைத்தாள். எழிலரசி அந்த வாரம் வீட்டில் விளக்கை அணைக்கவே மறந்துபோகும் அளவுக்குச் சந்தோஷமாக இருந்தாள். திருமுருகன் அதைக் காலண்டரில் குறித்துவைக்கலாமா என்று கேட்டான்.

பிறகுதான் புகார் வந்தது. அந்த ஆவடி டவரிலிருந்து. புகார் கொடுத்தவர் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் வசிக்கும் பார்வதம் என்ற அம்மாள். சாயங்காலம் ஷிப்ட் விட்டதும் வீட்டுக்காரர் செய்யும் போன் வருவதில்லை என்பதுதான் அவர் சொன்னது. வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் அவர் வீட்டு முகவரியைப் போட்டுப் பார்த்தார்கள். அங்கே சிக்னல் நிறைய இருந்தது. 'சரிசெய்யப்பட்டது' என்று எழுதிப் புகாரை மூடினார்கள். அந்த அம்மாள் மறுபடி போட்டார். இவர்கள் மறுபடி மூடினார்கள். அவர் சளைக்கவே இல்லை. புகார் ஏறி ஏறி, மேலிடத்தின் கண்ணில் பட்டுவிட்டது.

சௌம்யா எழிலரசியைக் கூப்பிட்டாள். "வெள்ளிக்கிழமை ரிவ்யூ. அதுக்குள்ள காரணம் சொல்லணும். இல்லன்னா பகல் தூக்கத்தை எல்லா டவர்லயும் நிறுத்தச் சொல்லிடுவாங்க."

"அந்த ஒரு டவரை மட்டும் விட்டுட்டா?"

"ஏன்னு தெரியாம விட்டா நாளைக்கு மாங்காட்டுல இதே வரும். அன்னிக்கு எந்த டவரை விடுவ?"

அத்தனை மாதம் கெஞ்சி, வாதாடி, கணக்குப் போட்டுக் கொண்டுவந்த திட்டம் ஒரு புகாரில் போய்விடும்போல இருந்தது. எழிலரசிக்கு அழுகைகூட எட்டிப் பார்த்தது. ஆனால் இருக்கைக்குத் திரும்பி நடப்பதற்குள்ளேயே அழுகையைத் தள்ளிவிட்டு வேறொன்று முன்னால் வந்து நின்றது. வீட்டில் சிக்னல் நிறைய இருக்கிறது, பிறகு ஏன் போன் வரவில்லை?

மறுநாள் பிற்பகல் சோதனை வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். ஓட்டியவர் யூசுப், அம்பத்தூரிலேயே பிறந்து வளர்ந்தவர். குவார்ட்டர்ஸ் தெருக்களில் வரிசை மாறாமல் ஊர்ந்தார்கள். பின்சீட்டில் இருந்த போன்கள் எல்லாவற்றிலும் சிக்னல் கோடுகள் குறையவே இல்லை.

"இன்னா மேடம், புல்லா கீது. இதுக்கா இம்மாம் பேஜாரு?" என்றார் யூசுப்.

பார்வதம் கதவைத் திறந்த விதமே, இந்தத் தடவையாவது யாராவது ஒருவர் நேரில் வந்தார்களே என்பதுபோல இருந்தது. அரக்கோணத்துப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இந்தக் குவார்ட்டர்ஸுக்கு வந்தவர். வீட்டுக்காரர் இராமகிருஷ்ணன் தொழிற்சாலையில் மெஷின் ஓட்டுகிறவர். பார்வதம் டீயைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பித்தார்.

"செல்போன் வாங்கின நாள்லேர்ந்து பழக்கம்மா. ஷிப்ட் வுட்டதும் கேட்டாண்ட நின்னு, கெளம்பிட்டேன், இன்னா வாங்கிகினு வரணும்னு கேப்பாரு. இப்ப கொஞ்ச நாளா போனே கெடையாது. கேட்டா, அடிச்சேன் போவலைன்றாரு. நான் அடிச்சா ஸ்விட்ச் ஆஃப்னு சொல்லுது. எத்த நம்பறது, சொல்லு?"

"அந்த நேரத்துல நீங்க அசந்து தூங்கியிருக்கலாமோம்மா?"

"தூக்கமா? நல்லா கேட்ட போ. மத்தியானம் படுத்தா கோழித்தூக்கம்தான். போனை நெஞ்சு மேலயே வெச்சிக்கினு படுப்பேன். எலி ஓடினா எழுந்துடுவேன்."

எழிலரசி அவருடைய போனை வாங்கிப் பார்த்தாள். குறை எதுவும் இல்லை. கூடத்திலிருந்து அழைத்துப் பார்த்தாள், போனது. பின்கட்டில் நின்று அழைத்துப் பார்க்கலாம் என்று இருவரும் எழுந்தார்கள். கூடத்தைத் தாண்டும்போது பழக்கதோஷத்தில் அவள் கை மின்விசிறியை அணைத்துவிட்டது.

"ஏம்மா, நாம திரும்ப வரமாட்டமா?" என்று சிரித்தார் பார்வதம்.

எழிலரசி வெட்கப்பட்டு மறுபடி போட்டாள். பின்கட்டிலிருந்தும் போன் போனது. கிளம்பும்போது அவளுக்கே அந்த முகம் தெரியாத இராமகிருஷ்ணன்மேல் சந்தேகம் வந்துவிட்டது. யூசுபிடம் விஷயத்தைச் சொன்னதும் அவர் தீர்ப்பே எழுதிவிட்டார். "அண்ணாத்தே ஆஃப் பண்ணி வெச்சிக்கினு ஊட்ல கதை வுடறாரு மேடம். இது டவர் மேட்டர் இல்ல. குடும்ப மேட்டர்."

அந்தத் தீர்ப்போடு பெரிய சாலைக்குத் திரும்பும் நேரத்தில்தான் தொழிற்சாலைச் சங்கு ஊதியது. கொஞ்ச நேரத்தில் வண்டி நகர இடம் இல்லை. சைக்கிளும் ஸ்கூட்டரும் பைக்குமாக, மடை திறந்ததுபோல ஜனம். யூசுப் ஹாரனை அடித்துப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துவிட்டார். எழிலரசி மடியில் இருந்த வரைபடத்தையும் ஜன்னலுக்கு வெளியேயும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பாய், இவ்ளோ பேரும் எங்கேயிருந்து வர்றாங்க?"

"இன்னா மேடம் கேக்கிறீங்க? உள்ளேந்துதான். காலீல போனவங்க."

"என் மேப்ல உள்ளே யாருமே இல்லையே."

யூசுப் திரும்பி அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். வெயிலில் சுற்றியது ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்திருப்பார்.

அடுத்த நாள் அலுவலகத்தில் அந்த டவரின் பதிவுகளை எடுத்தாள். இதுவரை எல்லாரும் பார்த்தது மணிக்கணக்கின் சராசரி. அதில் கோடு தரையோடு தரையாகப் படுத்திருந்தது. அவள் நிமிடக் கணக்கில் பிரித்துப் பார்த்தாள். சாயங்காலத்தில் ஓரிடத்தில் மட்டும் முள்போல ஒன்று குத்திக்கொண்டு நின்றது. டவரின் கதவைத் தட்டி, திறக்காமல் திரும்பிப்போன போன்களின் கணக்கு அது. பேசிய பேச்சுக்குத்தான் அறிக்கையில் இடம் உண்டு. பேச முடியாமல் போனவர்களின் முள், சராசரியில் கரைந்து காணாமல் போயிருந்தது.

அவள் உடனே பார்வதத்துக்குப் போன் செய்தாள். "அம்மா, உங்க வீட்டுக்காரர் நிக்கிற கேட் எது? நான் போய்ப் பார்க்கணும்."

"போய்ப் பாரும்மா. நெஜமாவே அடிக்கிறாரா, சும்மா சொல்றாரான்னு நல்லா பாரு. மஞ்சப் பையில கேரியர் வெச்சிருப்பாரு. கைல பச்சை கலர் ஹெல்மெட்டு." வேவு பார்க்க ஆள் கிடைத்த உற்சாகம் அந்தக் குரலில் இருந்தது.

பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையின் வாசலில் ஒரு பெண் நான்கு போன்களோடு போய் நின்றால் என்ன ஆகும் என்று எழிலரசி யோசிக்கவில்லை. வாசல் காவலர் யோசித்தார். அடையாள அட்டையை இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்துவிட்டு, சாலைக்கு அந்தப் பக்கம் போய் நிற்கும்படி கண்டிப்பாகச் சொன்னார். எதிரில் இருந்த டீக்கடையில் ஒரே ஒரு போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சிக்னல் நிறைய இருந்தது. யூசுப் இரண்டாவது டீயைச் சொன்னார்.

சங்கு ஊதியது. சற்று நேரத்தில் முதல் ஆட்கள் வந்தார்கள். வந்தவர்கள் நேராக வெளியே வரவில்லை. வாசலை ஒட்டிய கொட்டகைக்குள் நுழைந்தார்கள். அங்கே சுவர் முழுக்கச் சின்னச் சின்ன அறைகள் வைத்த அலமாரிகள். ஒவ்வொருவரும் தன் அறையிலிருந்து தன் போனை எடுத்தார்கள். காலையில் அணைத்து உள்ளே வைத்துவிட்டுப் போன போன். எல்லாரும் ஒரே மாதிரி ஓரத்துப் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு, நடந்தபடியே திரையைப் பார்த்துக் காத்திருந்தார்கள்.

எழிலரசி கையிலிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது. இந்தக் குவார்ட்டர்ஸில் பிறந்த பிள்ளைக்குக்கூடத் தெரிந்த சட்டம் அது. அதனாலேயே யாருக்கும் அதைச் சொல்லத் தோன்றவில்லை. பகல் முழுக்க அந்தச் சுவருக்குள் ஒரு ஊரே வேலை செய்துகொண்டிருந்திருக்கிறது. போன் இல்லாததால் டவருக்கு அவர்கள் இல்லை. டவரை நம்பிய இவளுக்கும் இல்லை. ஆள் இல்லாத அறை என்று ஜன்னல்களை மூடித் தூங்கவைத்துவிட்டாள். சங்கு ஊதியதும் ஊர் முழுவதும் ஒரே நேரத்தில் கண் விழித்து அந்த ஒற்றை ஜன்னலில் போய் முட்டுகிறது. மற்ற ஜன்னல்கள் சோம்பல் முறித்து எழுவதற்குள் கூட்டம் வண்டியேறிப் போய்விடுகிறது. அதுவரை டவருக்குள் நுழைய முடியாத போன், வீட்டிலிருந்து கூப்பிடுகிறவருக்கு 'ஸ்விட்ச் ஆஃப்'தான். சிறுகச் சிறுகச் சேராத கூட்டம் ஒன்று உலகத்தில் உண்டு என்று அவள் கணக்கில் எங்கேயும் எழுதவில்லை. சோப்புப் போடுகிறவன் பாட்டுப் பாடமாட்டான் என்று திருமுருகன் சொன்னது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

தன் போனிலிருந்து அலுவலகத்தை அழைத்துப் பார்த்தாள். கோடுகள் நிறைய இருந்தன, அழைப்பு போகவில்லை.

மஞ்சள் பையும் பச்சை ஹெல்மெட்டுமாக ஒருவர் வாசலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். போனைக் காதில் வைத்தார், எடுத்தார், திரையைப் பார்த்தார், மறுபடி வைத்தார். "இன்னிக்கும் போவல. ஊட்ல இன்னான்னு சொல்றது?" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டே போனைப் பைக்குள் போட்டார். எழிலரசி சாலையைத் தாண்டி ஓடினாள்.

"சார், நீங்க இராமகிருஷ்ணன் சார்தானே? நீங்க அடிச்சதை நான் பார்த்தேன் சார். நெஜமாவே அடிச்சீங்க."

"அடிச்சேன். அதுக்கு இன்னா? யாரும்மா நீ?"

"உங்க வீட்லதான் பார்க்கச் சொன்னாங்க."

அவர் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டும். "ஆளே வெச்சிட்டாளா?" என்றார். யூசுப் சிரிப்பை அடக்கமாட்டாமல் டீக்கடைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

காரணம் கிடைத்துவிட்டது. மருந்து கிடைக்கவில்லை. ஷிப்ட் விடும் நேரத்தைக் குறித்துவைத்து அதற்கு முன்னால் டவரை எழுப்பிவிடலாம் என்றாள் சௌம்யா. ஆனால் இராமகிருஷ்ணனிடம் விசாரித்தபோது அவர் சொன்னது எழிலரசியின் காதில் இருந்தது. ஒருநாள் ஓவர்டைம் இருக்கும், ஒருநாள் அரைநாளோடு விட்டுவிடுவார்கள், ஆயுத பூஜை வந்தால் பொரி வாங்கிக்கொண்டு பத்து மணிக்கே வெளியே வந்துவிடுவார்கள். இதையெல்லாம் அலுவலகத்துக்கு யார் தினம் சொல்வது? போன்களேதான் சொல்லவேண்டும். அணைந்துகிடக்கும் போன் என்ன சொல்லும்?

இந்தக் கேள்வியைத் தலையில் சுமந்துகொண்டு மறுநாள் காலை வீட்டைவிட்டுக் கிளம்பினாள். செருப்பை மாட்டிக்கொண்டே உள்ளே பார்த்து, "போயிட்டு வரேன்" என்று திருமுருகனுக்குக் குரல் கொடுத்தாள். கொடுத்தவள் அப்படியே ஒற்றைச் செருப்போடு நின்றுவிட்டாள்.

போனை அணைக்கும்போது அது சும்மா அணைவதில்லை. நான் போகிறேன் என்று டவருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் அணையும். அது அவளுக்குப் படித்த நாளிலிருந்து தெரியும். ஆனால் போகிறவர்களின் கணக்கை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. போனவர் போனவர்தானே என்று விட்டுவிடுவது வழக்கம். அலுவலகத்துக்கு வந்ததும் முதல் வேலையாக அந்தக் கணக்கை எடுத்தாள். ஒவ்வொரு காலையிலும் அந்த வாசலில் போன்கள் கூட்டம் கூட்டமாகச் சொல்லிக்கொண்டு அணைந்திருந்தன. ஞாயிற்றுக்கிழமை மட்டும் இல்லை.

"இது போறேன் இல்ல மேடம், போயிட்டு வரேன்" என்றாள் சௌம்யாவிடம். "காலைல அத்தனை பேர் சொல்லிட்டுப் போயிருக்காங்க. அவங்க திரும்பி வர்ற வரைக்கும் டவர் அசந்து தூங்கக் கூடாது."

"அப்ப பகல்ல தூங்கவே வேணாமா? திட்டமே போச்சே."

"தூங்கட்டும். கோழித்தூக்கம்." பார்வதத்தின் வார்த்தைதான். நெஞ்சின்மேல் போனோடு படுத்திருக்கும் அந்த அம்மாளை நினைத்துக்கொண்டே சொன்னாள். அசந்து தூங்கும் ஜன்னல் எழ நேரம் பிடிக்கும். பாதிக் கண் திறந்து கிடக்கும் ஜன்னல் ஒரு தட்டலில் எழுந்துவிடும். கரண்ட்டும் ஓரளவு மிச்சமாகும். காலையில் சொல்லிக்கொண்டு போனவர்கள் திரும்பாதவரை டவருக்குப் பாதித்தூக்கம், அவர்கள் வந்து போனபிறகு முழுத்தூக்கம். ஞாயிற்றுக்கிழமை நாள் முழுக்கத் தூங்கலாம்.

"மிச்சம் குறையுமே, எழில்."

"குறையும்" என்று ஒத்துக்கொண்டாள். அந்த ஒரு சொல்லைச் சொல்ல அவளுக்கு எவ்வளவு வலித்தது என்று திருமுருகனுக்கு மட்டும்தான் தெரிந்திருக்கும்.

சௌம்யா வெள்ளிக்கிழமைக் கூட்டத்தைச் சாயங்காலத்துக்கு நகர்த்தினாள். மேலிடத்து ஆட்கள் அம்பத்தூரில் திரைக்கு முன்னால் உட்கார்ந்து பார்ப்பார்கள். ஷிப்ட் விட்டதும் போன்கள் போனால் திட்டம் தொடரும், போகாவிட்டால் அன்றோடு எல்லா டவரிலும் மூட்டை கட்டவேண்டியதுதான். எழிலரசி அந்த அறையில் உட்கார விரும்பவில்லை. பார்வதத்தின் வீட்டுக்கே போய்விட்டாள்.

இருவரும் கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தார்கள். போன் நடுவில் இருந்தது.

"அம்மா, ஒண்ணு கேட்கட்டுமா? அவங்க எத்தனை தடவை மூடினாலும் நீங்க விடாம புகார் போட்டுட்டே இருந்தீங்களே. எப்படியும் கொஞ்ச நேரத்துல சார் வீட்டுக்கு வந்துடப்போறாரு. ஏம்மா அவ்ளோ தூரம்?"

பார்வதம் புடவைத் தலைப்பால் போனின் திரையைத் துடைத்தார். "இந்த மாசத்தோட ரிட்டயர்டும்மா அவரு. அப்பால எங்க கேட்டு, எங்க போனு? ஊட்டுக்குள்ள குந்திக்கினு இன்னா வாங்கிகினு வரணும்னு கேப்பாரா? மீதி கீற நாளாவது அந்த போனு வரட்டும்னுதான்." சிரிக்கப் பார்த்தார், சரியாக வரவில்லை. "சண்டை போட்டே பாதி நாளை ஓட்டிட்டேன்."

தான் அணைத்த ஜன்னல்கள் எந்த வீட்டுக்குள் இருட்டைக் கொண்டுவந்தன என்று இத்தனை நாள் வரைபடத்தில் தேடியதே இல்லையே என்று எழிலரசிக்கு மனம் குமைந்தது.

சங்கு ஊதியது. எழிலரசி போனைப் பார்த்தாள். போன் சும்மா கிடந்தது. அம்பத்தூரில் சௌம்யாவின் முகம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். மேலும் கொஞ்ச நேரம் போனது. வாயைத் திறந்து மன்னிப்புக் கேட்டுவிடலாமா என்றுகூட வந்துவிட்டது.

"இரு, இரு. கை கழுவணும், கேட்டுக்கு நடக்கணும், போனை எடுக்கணும்" என்றார் பார்வதம். சொன்னாரே தவிர அவர் கண்ணும் போனைவிட்டு நகரவில்லை.

போன் அடித்தது.

பார்வதம் எடுத்துக் காதில் வைத்தார். கூடம் சின்னது, மறுமுனைக் குரல் எழிலரசிக்கும் கேட்டது. "கெளம்பிட்டேன். இன்னா வாங்கிகினு வரணும்?"

"ஒண்ணும் வேணாம். எல்லாம் கீது. வாங்க."

அவ்வளவுதான். வைத்துவிட்டார். எத்தனை நாள் சண்டை, எத்தனை புகார், எத்தனை பேர் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். கடைசியில் ஒன்றும் வேண்டாம் என்று சொல்லத்தானா என்று எழிலரசிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கூடவே கண்ணும் கலங்கியது. அந்த ஒன்றுமில்லாத பேச்சுக்கு எவ்வளவு கரண்ட் செலவானது என்று கணக்குப் போட்டுப் பார்க்க முதல்முறையாக அவளுக்குத் தோன்றவில்லை.

அவளுடைய போன் அதிர்ந்தது. சௌம்யாவின் செய்தி: 'எல்லா காலும் கனெக்ட் ஆச்சு. டவர் தூங்கலாம்னு சொல்லிட்டாங்க. பூந்தமல்லிக்கும் கோழித்தூக்கமே போடு.'

"உக்காரு, அவரு வந்ததும் பார்த்துட்டுப் போவலாம். ஆளு வெச்சதுக்கு உன்னையுந்தான் ரெண்டு திட்டு திட்டுவாரு" என்றபடி பார்வதம் டீ போட அடுப்படிக்கு எழுந்தார். எழிலரசியும் டம்ளர்களை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள். கூடத்தைத் தாண்டும்போது அவள் கை தானாகச் சுவருக்குப் போய் மின்விசிறியின் பொத்தானைத் தொட்டது.

"இருக்கட்டும்மா" என்றார் பார்வதம், திரும்பிப் பார்க்காமலே. "இப்ப வந்துடுவாரு."

எழிலரசி கையை எடுத்துக்கொண்டாள். யாரும் இல்லாத கூடத்தில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.